பூனைக்குட்டிகளுக்கு நல்ல வீடு தேடுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பென்னாகரம், பாலக்கோடு, ஓசூர் என்று எங்கிருந்து போன் வந்தாலும் ஆரம்பம் ஒன்றுதான்: "அக்கா, எங்க வீட்டு மாடியில பூனை குட்டி போட்டுடுச்சு, யாராவது எடுத்துப்பாங்களா?" எடுத்துக்கொள்வார்கள். ஒரு போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தால் அன்று சாயங்காலத்துக்குள் நாலு பேர் கேட்டுவிடுவார்கள், குட்டிப் பூனை அப்படி. அந்த நாலு பேரில் யார் ஒரு வருஷம் கழித்தும் அதை வைத்துச் சோறு போடுவார் என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

குட்டிகளுக்கு இருபது நாள் ஆகிறது, கண் திறந்துவிட்டது. இப்போதே கொடுத்துவிடலாமா?

வேண்டாம். கண் 7 முதல் 14 நாளுக்குள் திறந்துவிடும், அது கொடுப்பதற்கான கணக்கே இல்லை. நாலாவது வாரத்தில்தான் தட்டில் வைத்ததை நக்கிப் பார்க்கவே ஆரம்பிக்கும், தாய்ப்பாலை முழுதாக விட்டு நிற்க எட்டு வாரம் ஆகிவிடும். குறைந்தது 8 வாரம், உங்களால் முடிந்தால் 10 அல்லது 12 வாரம் தாயோடும் கூடப் பிறந்தவையோடும் இருக்கட்டும். பால் மட்டும் இதற்குக் காரணமில்லை. ஒன்றையொன்று கடித்து உருண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதுக்கு வலிக்கிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் குட்டிக்குப் புரிகிறது. சீக்கிரமே பிரித்த குட்டி அந்தப் பாடத்தைப் புது வீட்டுக் குழந்தையின் கையில் படிக்கும், அடுத்த வாரம் "கடிக்குதுங்க, திரும்ப எடுத்துக்கோங்க" என்று போன் வரும்.

பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கிற குட்டி, எட்டு ஒன்பது வாரத்தில் முக்கால் கிலோவுக்கு மேல் வந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து நிறுத்து எழுதி வையுங்கள், வயிற்றுப் பூச்சி மருந்தின் அளவுக்கும் அந்த எடைதான் தேவைப்படும். பெரிதாகிவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். மூன்று மாதக் குட்டி தானாகச் சாப்பிடும், மணல் தட்டில் போகும், இரவெல்லாம் கத்தாது. விவரம் தெரிந்த ஆட்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

மாட்டுக் கொட்டகையில் குட்டிகள் மட்டும் கிடக்கின்றன, தாயைக் காணோம். தூக்கி வந்துவிடலாமா?

உடனே தூக்காதீர்கள். தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கும், அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கும், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் வரவே வராது. நாய் தொல்லை இல்லாத இடமாக இருந்தால் தூரத்தில் இருந்து சில மணி நேரம் பாருங்கள். வயிறு நிரம்பி, உடம்பு சூடாக, அமைதியாகத் தூங்குகிற குட்டிக்குத் தாய் இருக்கிறது என்று அர்த்தம். விடாமல் கத்திக்கொண்டு, தொட்டால் சில்லென்று, வயிறு ஒட்டிக் கிடந்தால் மட்டும் எடுங்கள்.

எடுத்ததும் முதலில் சூடு, அப்புறம்தான் பால். நாலு வாரத்துக்குக் கீழே உள்ள குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது, மார்கழி மாதத்து ஓசூர் குளிரில் அது தாங்காது. வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள், மறு ஓரம் காலியாக இருக்கட்டும், அதிகச் சூடானால் நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமே. சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காது. கையில் மல்லாத்திப் பிடித்தும் புகட்டாதீர்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும், தாயிடம் குடிப்பது போலக் குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ரொம்பச் சின்னக் குட்டி தானாக ஒன்றுக்கு ரெண்டுக்கு போகாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும், அதனால் ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தை மெதுவாகத் தடவிவிட வேண்டும். இதைச் சொல்ல யாரும் இல்லாததால் வயிறு உப்பிச் சாகிற குட்டிகள் உண்டு.

பசும்பால் கொடுக்கலாமா?

கூடாது. பூனை வயிற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் பேதியாகும், அந்த வயதில் ஒரு நாள் பேதியே ஆளைத் தூக்கிவிடும். பூனைக்குட்டிக்கென்று பால் பவுடர் விற்கிறார்கள், ஓசூரில் பெட் ஷாப்பில் கிடைக்கும், மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்குங்கள்.

ஆணா பெண்ணா என்று எப்படிப் பார்ப்பது? கேட்பவர்கள் எல்லோரும் ஆண்தான் வேண்டும் என்கிறார்கள்.

வாலைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு புள்ளிகள், நடுவில் நல்ல இடைவெளி என்றால் ஆண். ஒரு புள்ளி, அதை ஒட்டியே கீழே ஒரு சின்னச் செங்குத்துக் கோடு என்றால் பெண். ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும், ஒன்றை மட்டும் பார்த்தால் குழப்பும். நிறத்தை வைத்தும் ஓரளவு சொல்லலாம்: வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று நிறமும் இருந்தால் அது பெரும்பாலும் பெண், முழு மஞ்சள் என்றால் ஆணாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆண்தான் வேண்டும் என்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். "பொட்டை குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்" என்பார். அப்படியானால் அவர் கருத்தடை ஆபரேஷன் செய்யப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது, ஆண் பூனையையும் அவரிடம் கொடுக்க யோசிக்க வேண்டியதுதான். ஆபரேஷன் செய்யாத ஆண் வயசுக்கு வந்ததும் வீட்டுச் சுவரெல்லாம் மூத்திரம் பீச்சும், சண்டை போட்டுக் காது கிழிந்து வரும், ஒருநாள் வராமலே போய்விடும்.

கொடுப்பதற்கு முன்னால் நாங்கள் என்னென்ன செய்து முடித்திருக்க வேண்டும்?

முதல் வேலை பூச்சி மருந்து. குடற்புழு நீக்க மருந்தை இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பித்து, எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். கால்நடை மருத்துவரிடம் எடையைச் சொல்லி அளவு கேட்டுக் கொடுங்கள். உடம்பு ஒல்லியாக, வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தாலோ, வால் அடியில் அரிசி போல வெள்ளையாக ஒட்டியிருந்தாலோ புழு இருக்கிறது. அப்படியே கொடுத்தனுப்பினால் புது வீட்டில் முதல் வாரமே வாந்தியும் பேதியும்தான்.

தெள்ளுப்பூச்சியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், குட்டியின் உடம்பில் இருக்கும் ரத்தமே கொஞ்சம், நிறையத் தெள்ளு இருந்தால் சோகை வந்து ஈறு வெளுத்துவிடும். பல் நெருக்கமான சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் முக்கிக் கொல்லுங்கள். நாய்க்கு வாங்கி வைத்திருக்கும் மருந்தைக் கொஞ்சமாகத் தடவிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படித்தான், அரை மாத்திரையே கொன்றுவிடும்.

அடுத்தது தடுப்பூசி. முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில், அப்புறம் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை, வெறிநோய் ஊசி 12 வாரத்துக்கு மேல். நம் ஊர் அரசு கால்நடை மருத்துவமனைகளில் மாடு, ஆடு, நாய்தான் அதிகம் வரும், பூனைக்கான ஊசி எல்லா நேரமும் இருப்பில் இருக்காது, அதனால் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதற்கு முன்னால் போனில் கேளுங்கள். வெறிநோய் ஊசி பெரும்பாலும் கிடைக்கும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டி இலவச முகாமும் பல ஊர்களில் நடக்கும்.

மணல் தட்டு ரொம்பச் சுலபம். ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டில் ஆற்று மணலோ மரத்தூளோ போட்டு, சாப்பிட்டு எழுந்த குட்டியை அதில் இறக்கிவிடுங்கள், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும், பூனைக்கு மண்ணைத் தோண்டி மூடுவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பலரும் விட்டுவிடுவது கடைசி வேலையை: ஆள் பழக்கம். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதக் கை படாமல் வளர்ந்த குட்டி பிறகு லேசில் பழகாது. தினமும் கொஞ்ச நேரம் எடுத்து மடியில் வையுங்கள், பாதத்தைத் தொடுங்கள், வாயைத் திறந்து பாருங்கள், மிக்ஸி சத்தமும் குக்கர் விசிலும் கேட்கட்டும். வீட்டில் ஆண் பெண் குழந்தை என்று எல்லோரும் தூக்கட்டும், ஒரே ஆளிடம் பழகிய குட்டி அந்த ஒருவரை மட்டும்தான் நம்பும்.

எங்கே சொல்வது? விளம்பரம் எப்படி எழுதுவது?

முதலில் தெரிந்தவர்களிடம். கூட வேலை பார்ப்பவர், தெருக்காரர், பிள்ளையின் டீச்சர், கால்நடை மருந்தகத்தில் இருப்பவர்கள், மருந்துக் கடை அண்ணன். யாரோ ஒருவருக்குத் தெரிந்தவர் என்றால் பூனை எப்படி இருக்கிறது என்ற தகவல் எப்படியாவது உங்கள் காதுக்கு வந்துவிடும், முகநூலில் கிடைத்த ஆள் நம்பரைப் பிளாக் செய்தால் கதை முடிந்தது. அதற்குப் பிறகும் குட்டி மிச்சமிருந்தால் வாட்ஸப் ஸ்டேட்டஸ், ஊர் குழுக்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் என்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், பாதி ஊர் அந்த மொழிகளில்தான் பேசுகிறது.

"இலவசம்" என்ற வார்த்தையைப் பெரிதாகப் போடாதீர்கள், சும்மா கிடைக்கிறது என்று வருகிறவன் சும்மாவே விட்டுவிட்டும் போவான். இப்படி எழுதலாம்:

"மூன்று குட்டிகள், 10 வாரம். ஒரு ஆண், இரண்டு பெண். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, முதல் தடுப்பூசி போட்டாயிற்று. மணல் தட்டில் போகும். சாம்பல் நிறக் குட்டி கூச்ச சுபாவம், புது ஆள் வந்தால் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும், கொஞ்ச நேரம் விட்டால் தானே வந்து காலை முகரும். கருத்தடை ஆபரேஷன் செய்ய ஒப்புக்கொள்பவர்களுக்கு மட்டும். வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். இடம் தருமபுரி டவுன்."

குறையையும் எழுதுங்கள். கட்டிலுக்கு அடியில் ஓடும் என்று படித்த பிறகும் கூப்பிடுகிறவர் நல்ல ஆள். போட்டோ வெளிச்சத்தில், குட்டியின் முகத்துக்கு நேரே கீழே உட்கார்ந்து எடுங்கள். வீட்டு முகவரியை மட்டும் பொதுவில் போடாதீர்கள், இரவோடு இரவாக இன்னும் நாலு குட்டிகளை உங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

கேட்டு வருபவரிடம் என்ன கேட்க வேண்டும்? போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடாதா?

பேச்சு வாக்கில் கேட்டால் அப்படி ஆகாது. "முன்னாடி பூனை வளர்த்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்தால் போதும், பாதி ஆட்கள் எல்லாவற்றையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். "இருந்துச்சுங்க, ரோட்டுல அடிபட்டுடுச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு, அதுவும் அப்படித்தான்" என்கிறவர் வீடு ஹைவே ஓரத்தில் இருக்கிறது, மூன்றாவதும் அங்கேதான் போகும். சமீபத்தில் ஒரு குட்டி வாந்தி பேதியில் செத்தது என்றால் அதை விசாரித்துக் கேளுங்கள். பான்லூக்கோபீனியா என்று ஒரு வைரஸ் நோய் இருக்கிறது, குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும், அந்தக் கிருமி வீட்டுத் தரையிலும் பாயிலும் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும், சாதாரணச் சோப்புக்குச் சாகாது, பிளீச் கரைசல் வேண்டும். அந்த வீட்டுக்கு ஊசி முழுதாகப் போடாத குட்டியை அனுப்பவே கூடாது.

அப்புறம், வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று கேளுங்கள். கல்லூரிப் பையன் ஆசையாக வாங்கிப் போவான், அம்மா ஒரே நாளில் திருப்பி அனுப்புவார். அதனால் அம்மாவிடமே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், "உங்க பையன் கேக்குறாப்ல, உங்களுக்கு ஓகேவாம்மா?" என்றால் போதும். சின்னக் குழந்தை இருக்கிற வீடா, குழந்தை குட்டியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குமா என்று நேரில் வரும்போது பாருங்கள். பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்? என்ன சாப்பாடு போடுவார்கள்? "எங்க வீட்ல தயிர்சோறுதான், நாங்க சைவம்" என்கிறவரை உடனே ஒதுக்க வேண்டாம், ஆனால் பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் கிடைக்கும், அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும் என்று சொல்லி, பாக்கெட் பூனை உணவாவது வாங்கிப் போட முடியுமா என்று கேளுங்கள். அசைவ வீடு என்றால் கோழி ஈரலும் கறியும் வேகவைத்து, அணையிலிருந்து வருகிற மீனை முள் எடுத்து, உப்பு மசாலா இல்லாமல் கொடுத்தால் போதும்.

மூன்று வகை ஆட்களிடம் உஷாராக இருங்கள். மொத்தக் குட்டிகளையும் நானே எடுத்துக்கிறேன் என்கிறவர். வீட்டைக் காட்ட மாட்டேன், கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நிற்கிறேன், அங்கேயே கொடுத்துவிடுங்கள் என்கிறவர். குட்டியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் "எப்ப வரட்டும்?" என்கிறவர். நல்ல ஆள் உங்களிடம் கேள்வி கேட்பார்.

மதில்மேல் பூனையாக இருப்பவரைத் தள்ளி விடாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். ஒரு வாரம் யோசித்துச் சொல்லுங்கள் என்று விடுங்கள். பிறந்த நாள் பரிசாக, சொல்லாமல் கொள்ளாமல் ஒருவருக்குக் கொடுக்கப் போகிறேன் என்பவரிடம் கொடுக்கவே வேண்டாம்.

பணம் வாங்கலாமா?

குட்டிக்கு விலை வேண்டாம். ஊசிக்கும் மருந்துக்கும் ஆன செலவைக் கேட்பதில் தப்பில்லை, பில்லைக் காட்டிக் கேளுங்கள். அதைக் கொடுக்கவே யோசிப்பவர் நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன செய்வார் என்று ஒரு யோசனை உங்களுக்கும் வரும்.

தோட்டத்து வீட்டுக்கு, பட்டுப்புழு மனைக்கு எலி பிடிக்கக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

நம் மாவட்டங்களில் இது நியாயமான கேள்வி. மல்பெரி போட்டிருப்பவர்களுக்கு எலி பெரிய தொல்லை, புழுவையே தின்றுவிடும், மனைக்குள் மருந்தும் தெளிக்க முடியாது. பூனையை அவர்கள் மதிப்பார்கள், சில தோட்டத்துப் பூனைகள் டவுன் வீட்டுப் பூனைகளைவிட நன்றாகவே இருக்கின்றன.

ஆனால் எட்டு வாரக் குட்டி எலி பிடிக்காது, எலிதான் அதைக் கடிக்கும். நாலைந்து மாதம் ஆன, ஆபரேஷன் முடிந்த, கூடப் பிறந்த இரண்டைச் சேர்த்துக் கொடுங்கள். "சோறு போட்டா எலி பிடிக்காதுங்க" என்று சொல்வார்கள், அது சரியில்லை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், பட்டினி கிடக்கும் பூனை இன்னொரு வீட்டைத் தேடிப் போய்விடும். தினம் இருவேளைச் சாப்பாடு, படுக்க ஒரு இடம், வருஷம் ஒரு வெறிநோய் ஊசி என்று ஒப்புக்கொண்டால் கொடுக்கலாம். நேரில் போகும்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. இன்னொன்று, எலி கேக், எலி பேஸ்ட், குருணை மருந்து ஏதாவது கிடக்கிறதா என்பது. விஷம் தின்ற எலியைத் தின்னும் பூனைக்கும் விஷம் ஏறும். பூனையும் வேண்டும் எலி மருந்தும் வைப்பேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

ஓசூரில் கம்பெனி வேலை, வாடகை வீடு. அவர்களுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், வீட்டு ஓனரிடம் சொல்லியிருக்கிறார்களா என்று மட்டும் உறுதியாகக் கேளுங்கள். "ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்பது பதில் இல்லை, ஓனருக்கே ஒரு போன் போடச் சொல்லுங்கள். ஷிப்ட் வேலை பூனைக்குப் பிரச்சினையே இல்லை, நாய் மாதிரி அதை வெளியே கூட்டிப்போக வேண்டியதில்லை. மாடி வீடு என்றால் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் நைலான் வலை கட்டியிருக்க வேண்டும், கொசுவலை போதாது, நகத்தால் கிழித்துவிடும். பெங்களூரிலிருந்து கேட்பவர்களுக்கும் இதேதான்: வீடியோ காலில் பால்கனியைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்குபவர் வலை கட்டவில்லை.

ஒன்று கொடுப்பதா இரண்டா?

வீட்டில் வேறு பூனை இல்லை, பகலில் ஆளும் இல்லை என்றால் இரண்டு. ஒற்றைக் குட்டி போரடித்துப் போய் உங்கள் காலைத்தான் வேட்டையாடும்.

கறுப்புக் குட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. சகுனம் என்கிறார்கள்.

பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்று நம்புகிறவரிடம் வாதாடி ஜெயித்துக் குட்டியைக் கொடுக்காதீர்கள், அந்த வீட்டில் மாடு பால் குறைந்தாலும் அதன் தலையில்தான் விழும். கறுப்புக் குட்டிக்கு ஆள் கிடைக்கக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். போட்டோவை வெளிர் நிறப் போர்வையில், காலை வெயிலில் எடுங்கள், நிழலில் எடுத்தால் இரண்டு கண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. விளம்பரத்தில் நிறத்தை விட்டுவிட்டுக் குணத்தை எழுதுங்கள்.

வீட்டில் மருமகள் மாசமாக இருக்கிறாள், பூனை ஆகாது என்று சொல்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி சில பூனைகளின் மலத்தில் இருக்கலாம், கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. ஆனால் மலம் விழுந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வரும், அதனால் தினமும் வேறு யாராவது மணல் தட்டைச் சுத்தம் செய்துவிட்டால் பெரிய பயம் இல்லை. சரியாக வேகாத கறியிலும் கழுவாத கீரையிலும் அதே கிருமி வரும், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இருந்தாலும் வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் சண்டையாக ஓடிக்கொண்டிருந்தால் இப்போது குட்டியைக் கொடுக்க வேண்டாம், பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

பூனை முடி வயிற்றுக்குள் போனால் நோய் என்பதும் அடிக்கடி வரும். அலர்ஜி இருப்பவர்களுக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் வருவது நிஜம், அதற்குக் காரணம் பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் முதலில் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் குட்டிகளோடு உட்காரச் சொல்லுங்கள்.

எழுதி வாங்க வேண்டுமா?

வாங்குங்கள். பத்திரமெல்லாம் வேண்டாம், ஒரு நோட்டுத்தாள் போதும்: பெயர், முகவரி, போன் நம்பர், குட்டியின் அடையாளம், போட்ட ஊசி, அடுத்த ஊசித் தேதி, எந்த மாதத்துக்குள் கருத்தடை, வேறு யாருக்கும் கைமாற்றிக் கொடுக்க மாட்டேன், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தருவேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை, எழுதும்போது ஆள் நின்று யோசிப்பார், அதுதான் அந்தத் தாளின் லாபம்.

கடைசி வரி எல்லாவற்றையும் விட முக்கியம், அது உங்களையும் கட்டுப்படுத்தும். திருப்பி வாங்கிக்கொள்ள மனசு இல்லாவிட்டால் கொடுக்கவும் ஆரம்பிக்காதீர்கள். குட்டி திரும்பி வந்தால் திட்டாமல் வாங்குங்கள், திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்தவர் உங்களிடம் வர மாட்டார், தொப்பூர் கணவாயில் எங்காவது இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

அரூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். எப்படி?

பூனைக்கூடை இல்லாவிட்டால் தக்காளி கிரேட் இரண்டை எடுங்கள், பாலக்கோடு ராயக்கோட்டை பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. ஒன்றில் குட்டி படுத்த பழைய துணியை விரித்து, இன்னொன்றை மேலே கவிழ்த்து, நாலு மூலையிலும் கயிற்றால் கட்டினால் காற்றும் வரும், தப்பவும் முடியாது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினால் கத்தல் பாதி குறையும். கிளம்புவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வழியில் வாந்தி. வெயில் காலத்தில் விடியற்காலை பஸ். கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். மடியில் வைத்துக்கொண்டோ பைக்கில் சட்டைக்குள் போட்டுக்கொண்டோ போகாதீர்கள், ஒரு ஹாரன் சத்தத்துக்குப் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும்.

புது வீட்டில் குட்டி சாப்பிடவே இல்லை, பீரோவுக்குப் பின்னாலேயே இருக்கிறது என்கிறார்கள்.

முதல் ஒன்றிரண்டு நாள் அப்படித்தான் இருக்கும். ஒரே அறையில் விட்டு, சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டு விலகி இருக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக் காட்டுவதெல்லாம் அடுத்த வாரம். குட்டி படுத்திருந்த பழைய துணியையும் பழகிய உணவில் ஒரு வார அளவையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். ஒரு நாள் முழுக்க ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டட்டும்.

நீங்களும் மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், அப்புறம் ஆபரேஷன் மாதத்தில் ஒரு போன் போடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள், "ஒரு போட்டோ அனுப்புங்களேன், பார்க்கணும் போல இருக்கு" என்று கேளுங்கள்.

யாருமே கிடைக்கவில்லை. மீன் மார்க்கெட் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

பிழைக்காது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகளும் நாய்களும் விடாது. சட்டப்படியும் அது குற்றம்: பட்டினி கிடக்கும் நிலையில் விலங்கைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது, முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்று அந்தக் காலத்தில் எழுதியதை இன்னும் மாற்றவில்லை என்பது வேறு விஷயம். விஷம் வைத்துக் கொன்றால் கதை வேறு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 325ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை.

ஆள் கிடைக்காவிட்டால் குட்டிகள் உங்களிடமே இருக்கட்டும், நாலு மாதத்தில் ஆபரேஷனை முடியுங்கள், வளர்ந்த பூனையாகத் தேடிக்கொண்டே இருங்கள். குட்டி வளர்க்கப் பொறுமை இல்லாத வயதானவர்கள் பெரிய பூனையைத்தான் கேட்பார்கள்.

பிடிக்கும்போது கீறிவிட்டது, கடித்துவிட்டது. என்ன செய்வது?

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், பிறகு அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். வீட்டுக்குட்டிதானே என்று அலட்சியம் வேண்டாம், தாய்க்கு ஊசி போட்டிருக்கிறீர்களா என்ன?

குட்டிகள் எல்லாம் போய்விட்டன. இனி நிம்மதிதானே?

தாய்ப்பூனை எங்கே? அதை விட்டுவிட்டால் இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் இதே பக்கத்தை மறுபடி படித்துக்கொண்டிருப்பீர்கள். சினைக்காலம் 63 முதல் 65 நாள்தான், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். நாலு மாதப் பெண் குட்டிகூடச் சினைக்கு நிற்கும். அதனால் குட்டிகள் பால் மறந்ததும் தாயை வெளியே விடாமல் வைத்திருந்து, பால் வற்றியதும் ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்கள். உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனையில் பூனைக்குச் செய்கிறார்களா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் ஹெப்பால் கால்நடைக் கல்லூரி பக்கம். ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு நேரம் பட்டினி போட வேண்டும் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்து வந்ததும் பத்து பதினான்கு நாள் தையலை நக்காமல், மாடி ஏறிக் குதிக்காமல் ஒரே அறையில் வைத்திருக்க வேண்டும்.

கைக்குச் சிக்காத தெருப்பூனை என்றால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கூண்டுக்குள் சாப்பாடு வைத்துப் பழக்குங்கள், கதவைத் திறந்தே வைத்து ஒரு வாரம் விட்டால் தானாக உள்ளே போய்ச் சாப்பிடும், தேதி வாங்கிய நாளுக்கு முந்தின இரவு மட்டும் கதவை மூடினால் போதும். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொல்லுங்கள். அதைப் பார்த்தால் ஆபரேஷன் ஆனது என்று தெரியும், அடுத்த தெருக்காரர் அதையே மறுபடி பிடித்துக்கொண்டு போய் நிற்க மாட்டார்.